இல்லாத ஊரில் ஒரு சாவு

1

1955 செப்டம்பர் 22, வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் இங்கிலாந்தில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, லண்டனில் ஐடிவி என்கிற தனியார் தொலைக்காட்சி தன் முதல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை அந்த நாட்டில் டிவி என்றால் பிபிசி மட்டும்தான். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் ஒரு போட்டியாளர் வந்தது அன்றைக்குத்தான். விருந்து, பேச்சு, ஆரவாரம் என்று அமர்க்களப்பட்டது.

இரண்டு, ஆம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் ஒரு குதிரை லாயம் தீப்பிடித்தது. கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகாத கிரேஸ் ஆர்ச்சர் என்ற பெண், விருந்துக்கு வந்த இடத்தில் காதணி ஒன்றைத் தொலைத்துவிட்டு அதைத் தேட வெளியே வருகிறாள். நெருப்பைப் பார்க்கிறாள். உள்ளே மிட்நைட் என்ற குதிரை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறாள். எரிகிற உத்தரம் ஒன்று மேலே விழுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கணவன் பிலிப்பின் கைகளில் உயிர் போகிறது.

ஆம்பிரிட்ஜ் என்று ஒரு ஊர் கிடையாது. அது இருப்பதாகச் சொல்லப்படும் பார்செட்ஷைர் என்ற மாவட்டமும் கிடையாது. 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற பிபிசி வானொலி நாடகத்துக்காகக் கற்பனை செய்த ஊர் அது. ஆனால் ஐந்து கோடிச் சொச்சம் பேர் வாழ்ந்த நாட்டில் அந்தச் சாவைக் காதால் கேட்டவர்கள் சுமார் 2 கோடி பேர். பிபிசியின் டெலிபோன் இணைப்புகள் திணறின. இரங்கல் கடிதங்கள் வந்தன. மலர்வளையம் அனுப்பினவர்களும் இருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் ஐடிவியின் தொடக்கவிழாவை இந்த இழவு வீடு ஓரங்கட்டிவிட்டது.

"இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்கலாம். மெகா சீரியல் காலத்தில் வளர்ந்த நாம் அதைக் கேட்கக்கூடாது. கதாநாயகி விஷம் குடித்த மறுநாள் தெருவே துக்கத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள்தானே. நான் கேட்க நினைப்பது வேறு. கிரேஸைக் கொன்றது யார்? அவளுக்கு மலர்வளையம் அனுப்பியவர்களுக்கு அது தெரியுமா?

2

இந்த நாடகம் யாரையும் அழவைக்கத் தொடங்கப்பட்டதில்லை. கூடுதலாக நாலு மூட்டை கோதுமை விளையவைக்கத் தொடங்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் பிரிட்டனில் ரேஷன் முடியவில்லை. போர் நடந்தபோது ரேஷனில் இல்லாத ரொட்டிகூட 1946இல் ரேஷனுக்குள் வந்து 1948 வரை இருந்தது. கறிக்கு ரேஷன் ஒழிந்தது 1954 ஜூலையில்தான். வெளிநாட்டிலிருந்து வாங்கக் கையில் டாலர் இல்லை. இருக்கிற நிலத்தில் அதிகம் விளைவிக்க வேண்டும். சின்ன விவசாயிகள் புது முறைகளுக்கு மாற வேண்டும். அவர்களிடம் போய் யார் சொல்வது?

பர்மிங்ஹாம் பிபிசியில் விவசாய நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் காட்ஃப்ரே பேஸ்லி. அதிகாரிகள் மைக் முன்னால் உட்கார்ந்து உரம், பூச்சி, தீவனம் என்று பேசினால் விவசாயி ரேடியோவை அணைத்துவிடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். 1948இல் விவசாயிகளையும் அமைச்சக ஆட்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். லிங்கன்ஷைரிலிருந்து வந்திருந்த ஹென்றி பர்ட் என்ற விவசாயி எழுந்து, எங்களுக்கு வேண்டியது விவசாயம் பண்ணுகிற ஒரு டிக் பார்ட்டன் என்ற பொருளில் ஏதோ சொன்னார். டிக் பார்ட்டன் அப்போது வானொலியில் சக்கைப்போடு போட்ட துப்பறியும் தொடரின் நாயகன். ஒவ்வொரு நாளும் உயிர் போகிற கட்டத்தில் 'தொடரும்' போடுவார்கள். கூட்டத்தில் சிரிப்பு. பேஸ்லிக்கு அது சிரிப்பாக முடியவில்லை. டிக் பார்ட்டனை எழுதிய எட்வர்ட் மேசன், ஜெஃப்ரி வெப் இருவரையுமே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

1950 மே மாதம் இங்கிலாந்தின் மத்திய வட்டாரத்துக்கு மட்டும் ஐந்து பகுதிகள் சோதனையாகப் போனது. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க. சில மாதங்களிலேயே டிக் பார்ட்டன் நின்று, அந்த மாலை நேரத்தில் ஆர்ச்சர்ஸ் உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கிக்குப் பதில் டிராக்டர்.

புரூக்ஃபீல்ட் பண்ணையில் டேன் ஆர்ச்சர், மனைவி டோரிஸ், அவர்கள் பிள்ளைகள். டேன் பழைய ஆள்; மகன் பிலிப் புது முறைகளைப் பேசுகிறவன். அப்பனும் மகனும் பால்மாட்டைப் பற்றி வாக்குவாதம் பண்ணும்போது, நடுவில் நைசாக அமைச்சகத்தின் ஆலோசனை ஒன்று உள்ளே போய்விடும். கேட்கிறவனுக்குப் பாடம் படித்ததே தெரியாது. 1956இல் கோமாரி நோய் வந்து டேனின் மாடுகளை அழிக்க வேண்டியதானது. நோய் வந்தால் என்ன செய்யணும், யாருக்குச் சொல்லணும் என்பது கதையாகவே போய்ச் சேர்ந்தது. கல்விப்பணி என்ற இந்தப் பொறுப்பு 1972 வரை அதிகாரபூர்வமாக இருந்தது.

ரேடியோ சொன்னால் விவசாயி கேட்பானா? நம்ம தஞ்சாவூரே அதற்குச் சாட்சி. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது வானொலியின் பண்ணை ஒலிபரப்பு வழியாகவே அது பரவியது. அதனால் ஊரில் அதன் பேரே 'ரேடியோ நெல்' ஆகிவிட்டது.

ஆர்ச்சர்ஸ் கண்டுபிடித்த வழி பிறகு தூரதேசமெல்லாம் போனது. 1994இல் பிபிசி, ஆப்கானிஸ்தானுக்காகப் பஷ்தூ, தாரி மொழிகளில் 'புது வீடு, புது வாழ்வு' என்ற தொடரைத் தொடங்கியது. கண்ணிவெடி எங்கே இருக்கும், குழந்தைக்கு எப்போது தடுப்பூசி போடணும் என்பதெல்லாம் அதில் குடும்பக் கதை. ருவாண்டாவில் 'உருனானா' வந்தது. நம்ம அகில இந்திய வானொலியில் 1996இல் 'தின்கா தின்கா சுக்' என்ற இந்தித் தொடர் வந்தது. அதைக் கேட்டு உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் கிராமத்து மக்கள் வரதட்சணை வாங்குவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கடிதமே அனுப்பினார்கள்.

3

ஆனால் பாடம் சொல்லத்தான் வந்தது என்றால், பாடம் தீர்ந்த பிறகும் ஏன் ஓடுகிறது? 75 வருஷம் ஆகிறது. சுமார் 20,000 பகுதிகள். ஒவ்வொன்றும் கால்மணி நேரத்துக்கும் குறைவு. உலகத்திலேயே நீண்ட காலமாக ஓடும் நாடகத் தொடர் இதுதான்.

கேட்பவர்களில் பெரும்பாலானோர் விவசாயிகளே இல்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். நகரத்துச் சமையலறையில் நின்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டவர்கள். அவர்களுக்கு மாட்டுக் காய்ச்சலைப் பற்றி என்ன கவலை? கவலைப்பட்டார்கள். அடுத்த வீட்டுக்காரன் மாடு மாதிரி.

காரணம், காலம். ஆம்பிரிட்ஜில் நமக்கு எப்போது கிறிஸ்துமஸோ அப்போதுதான் கிறிஸ்துமஸ். இங்கே மழைக்காலம் என்றால் அங்கேயும் மழை. பாத்திரங்கள் நம்மோடு சேர்ந்து கிழடாகிறார்கள். நார்மன் பெயின்டிங் என்ற நடிகர் 1950இன் சோதனைப் பகுதியில் பிலிப்பாக வந்தார். 2009இல் இறக்கும்வரை பிலிப்பாகவே இருந்தார். பெகி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த ஜூன் ஸ்பென்சர் ஓய்வு பெற்றது 2022இல். அப்போது அவருக்கு வயது 103! பாட்டி கேட்ட அதே குரலைப் பேத்தியும் கேட்டாள். குரல் நடுங்கத் தொடங்கியபோது அது நடிப்பா முதுமையா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை.

இன்னொரு காரணம், கண்ணுக்கு எதையும் காட்டாதது. பர்மிங்ஹாம் ஸ்டுடியோவில் பழைய இஸ்திரி மேஜை ஒன்று இருக்கிறது. அதை ஆட்டினால் பண்ணைக் கதவு திறக்கும் சத்தம். காலடியில் பழைய ஒலிநாடாவைக் குவித்து மிதித்தால் வைக்கோல். மற்றதை எல்லாம் கேட்பவரே கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு ஆம்பிரிட்ஜ். ரெண்டு ரசிகர்கள் பேசிக்கொண்டால் முதலில் வருவதே எல்லைத் தகராறுதான்: பண்ணைக்குப் போகிற பாதை ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? அந்த ஊர் மதுக்கடையான 'தி புல்', இங்க்பரோ கிராமத்தில் இருக்கும் 'ஓல்ட் புல்'லை மாதிரியாக வைத்தது என்று அங்கே போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவார்கள்.

பேசாத பாத்திரங்கள் இன்னும் விசேஷம். ஊரில் எத்தனையோ பேரைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். அவர்கள் வாயைத் திறந்து நாம் கேட்டிருக்கவே மாட்டோம். வேட்டைக் காவலர் டாம் ஃபாரஸ்டின் மனைவி ப்ரூ அப்படி வருஷக்கணக்கில் பேசாமலே இருந்தவர். 1989இல் 10,000ஆவது பகுதியில் அவர் வாய் திறந்தார். குரல், ஜூடி டென்ச். மறுபடி மௌனம். இதைச் சொல்லிச் சிரிக்கவே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. 2016 முதல் பேராசிரியர்கள் கூடி ஆர்ச்சர்ஸ் பற்றி மாநாடே நடத்துகிறார்கள். பாதி ஆய்வு, பாதி ஊர்வம்பு.

குறை இல்லாத ஊரா? இல்லை. வெகுகாலம் அது நிலம் வைத்திருப்பவர்களின் ஊராகத்தான் இருந்தது. குத்தகைக்கு உழுத கிரண்டி குடும்பம் சிரிப்புக்கு வந்து போகும். 2000இல் அந்தக் குடும்பத்தைப் பண்ணையிலிருந்து வெளியேற்றியபோதுதான் சிரிப்பு நின்றது. உஷா குப்தா என்ற வழக்கறிஞர் வந்து குடியேறும்வரை, அதாவது 40 வருஷம், முக்கியப் பாத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. உஷாவின் வீட்டில் இனவெறித் தாக்குதல் நடந்தது. பின்னால் 2008இல் அவர் ஊர்ப் பாதிரியாரைக் கட்டிக்கொண்டபோது, ஒரு இந்துப் பெண்ணைப் பாதிரியார் எப்படிக் கட்டலாம் என்று ஆம்பிரிட்ஜுக்கு உள்ளேயும் வெளியேயும் முணுமுணுத்தார்கள். ஊர் என்றால் இதுவும் சேர்ந்ததுதானே.

4

இப்போது கிரேஸுக்கு வருவோம்.

கிரேஸாக நடித்தவர் பெயர் இசான் சர்ச்மன். தன்னோடு நடித்த ஆண்களுக்குக் கிடைத்த ஊதியம் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து வேலை வாங்குவதையும் எதிர்த்தார். நடிகர் சங்கத்திடம் போனார். 1950களில் ஒரு பெண் இதைச் செய்தார்.

பேஸ்லிக்கு அந்த சமயம் ஒரு சாவு வேண்டியிருந்தது. ஐடிவி தொடங்கும் நாளில் கேட்பவர்களை வானொலியோடு கட்டிப்போட வேண்டும். யாரைக் கொல்லலாம் என்ற கேள்விக்கு விடை அவரிடம் தயாராக இருந்தது. ரகசியம் கசியாமல் இருக்க, அந்த வாரப் பகுதிகளை ஒலிபரப்பாகும் அன்றன்றைக்கே பதிவு செய்தார்கள். நடிகர்களுக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. ஒரு பெண்ணைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால், அவள் கேட்ட கூலி கேள்வியும் அதோடு எரிந்துபோகும்.

சர்ச்மன் இதை வெளிப்படையாகப் பேசியது 1996இல். நாற்பது வருஷம் கழித்து. ஐடிவியை அடிக்க நடந்த தந்திரம் என்றே அதுவரை உலகம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மைதான். நாளைத் தேர்ந்தெடுத்தது போட்டி. ஆளைத் தேர்ந்தெடுத்தது பழி.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். 2 கோடி பேர் அழுதார்கள். அத்தனை பேரும் கிரேஸுக்காக அழுதார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வேலை இழந்து வீட்டுக்குப் போனதற்கு அழ ஆளில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாது. இல்லாத பெண்ணுக்கு மலர்வளையம், இருக்கிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ரசிகர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்குக் காட்டப்பட்டது நெருப்பு மட்டும்தான். யார் பற்றவைத்தது என்று காட்டப்படவில்லை.

சர்ச்மன் பல வருஷம் கழித்து அதே ஆம்பிரிட்ஜுக்கு வேறொரு பெண்ணாக, மேரி பவுண்டு என்ற விவசாயியின் மனைவியாகத் திரும்பி வந்தார். செத்தவள் வேறு பேரில் ஊருக்குள் வந்து காய்கறி விலை பேசுவது வானொலியில் மட்டும்தான் நடக்கும்.

5

ஐம்பத்தெட்டு வருஷம் தள்ளிப் போவோம்.

2013இல் ராப் டிச்சனர் என்பவன் பெரிய பால்பண்ணை ஒன்றை நடத்த ஆம்பிரிட்ஜுக்கு வருகிறான். நல்ல பேச்சு, நல்ல நடத்தை. ஆர்ச்சர் குடும்பத்துப் பெண் ஹெலன் அவனை விரும்புகிறாள். கணவன் இல்லாமல், கொடையாளர் விந்தணு மூலம் ஹென்றி என்ற மகனைப் பெற்று வளர்த்துக்கொண்டிருந்தவள். 2015இல் கல்யாணம்.

அடி இல்லை, உதை இல்லை. தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை. இந்த டிரஸ் உனக்கு நல்லா இல்லையே என்கிறான். நீ களைப்பா இருக்கே, வண்டி ஓட்ட வேண்டாம் என்கிறான். கடைக்குப் போக வேண்டாம், நான் பார்த்துக்கறேன் என்கிறான். அந்தத் தோழி எதுக்கு, அவளால்தானே உனக்கு டென்ஷன் என்கிறான். எல்லாம் அக்கறையான குரலில். அவள் அம்மா பேட்டுக்கே மாப்பிள்ளைமேல் அவ்வளவு நம்பிக்கை. கிர்ஸ்டி என்ற தோழி மட்டும்தான் மோப்பம் பிடிக்கிறாள்.

கேட்பவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. கதவு சாத்திய வீட்டுக்குள் அவன் பேசுகிற தொனி நமக்குக் கேட்கிறது, அவள் அம்மாவுக்குக் கேட்பதில்லை. இரண்டரை வருஷம் இது ஓடியது. சினிமா என்றால் இரண்டு காட்சியில் முடித்திருப்பார்கள். இங்கே தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம். தாங்க முடியலை என்று ரேடியோவை அணைத்தவர்கள் உண்டு. நிறுத்தித் தொலையுங்கள் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் வேறு சிலர் அதைக் கேட்டுத் தங்கள் வீட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். நமக்கு நடப்பதற்கும் ஒரு பெயர் இருக்கிறதா என்று முதல்முறையாகக் கேட்டார்கள். பெயர் இருந்தது. 2015 டிசம்பர் 29 முதல், கணவனோ மனைவியோ துணையோ மற்றவரை இப்படி ஆட்டிப்படைத்து அடக்கிவைப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிக் குற்றம். சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவாக இருந்ததை, ஆர்ச்சர்ஸ் சமையலறைக்குக் கொண்டுவந்தது. டேன் ஆர்ச்சருக்கு உரம் எப்படியோ அப்படி.

2016 ஏப்ரல் 3, ஞாயிறு. கர்ப்பிணியான ஹெலன் வீட்டைவிட்டுப் போவதாகச் சொல்கிறாள். ராப் ஒரு கத்தியை அவள் கையில் திணித்து, போவதென்றால் உன்னையே கொன்றுகொண்டு போ என்கிறான். அந்த நேரம் குழந்தை ஹென்றி அங்கே வந்துவிடுகிறான். ராப் அவன் பக்கம் திரும்புகிறான். கத்தி இறங்குகிறது.

ஹெலன் ஜெயிலுக்குப் போகிறாள். இரண்டாவது பிள்ளை அங்கே இருக்கும்போதே பிறக்கிறது. செப்டம்பர் 11 அன்று வழக்கத்துக்கு மாறாக ஒரு மணி நேரப் பகுதி; முழுக்க ஜூரிகளின் அறை. ஜூரிகளில் ஒருவராகக் குரல் கொடுத்தவர் கிரஹாம் சீட். 2011 ஜனவரியில் இதே நாடகத்தில் கூரையிலிருந்து விழுந்து செத்த நைஜலாக நடித்தவர். பழைய ரசிகர்களுக்குக் குரல் கேட்டதுமே தெரிந்திருக்கும். ஹெலன் விடுதலையானாள்.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு ரசிகர், 'ஹெலனைக் காப்பாற்றுவோம்' என்கிற மாதிரி இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார். ஹெலன் என்று ஒருத்தி கிடையாது என்பது அவருக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும். வீட்டுக்குள் வதைபடும் பெண்களுக்குப் புகலிடம் நடத்தும் ரெஃப்யூஜ் என்ற அமைப்புக்கு அந்தப் பணம் போனது. 1,70,000 பவுண்டுக்கு மேல். பலர் பணத்தோடு சில வரிகளும் எழுதினார்கள்: என் அக்காவுக்காக, என் அம்மாவுக்காக, எனக்காக.

6

1955க்கும் 2016க்கும் நடுவே என்ன மாறியது? நாடகம் மாறியது, சட்டம் மாறியது, அதெல்லாம் சரி. கேட்பவர்களும் மாறியிருக்கிறார்கள். கிரேஸுக்கு வந்த மலர்வளையம் இல்லாத கல்லறைக்குப் போனது. ஹெலனுக்கு வந்த காசு இருக்கிற வீட்டின் வாடகைக்குப் போனது. கற்பனைப் பெண்ணுக்காக அழுவது பைத்தியக்காரத்தனம் இல்லை. அந்த அழுகையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதுதான் விஷயம். நம்மூரில் அம்மாவும் அத்தையும் சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது கிண்டல் பண்ணுகிறோமே, அவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

இன்னொன்றும் யோசிக்கிறேன். 2016இல் ரசிகர்களுக்கு ராப் யார் என்று தெரிந்தது, அதனால் ஏதோ செய்ய முடிந்தது. 1955இல் பேஸ்லி யார் என்று தெரிந்திருந்தால்? டெலிபோனில் அழைத்த ஆயிரக்கணக்கான பேரில் பாதிப் பேராவது, "அந்தம்மாவுக்குச் சம்பளத்தைக் கொடுங்கய்யா" என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்க ஆசை.

இசான் சர்ச்மன் 2024 ஜூலையில், 99ஆவது வயதில் காலமானார். கிரேஸ் செத்து 69 வருஷம் ஆகியிருந்தது. இரங்கல் குறிப்புகளில் இந்த முறை அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. சம்பளம் கேட்ட கதையும் இருந்தது.